புஜம் பெருத்தது, தெம்பு போனது!

ஆணழகன் ஆசையில் 'டெஸ்டோஸ்டிரோன்' ஊசி போட்டுக்கொள்ளும் வாலிபர்களே, சற்று நில்லுங்கள்! பெரம்பலூர், அரியலூர் ஜிம் பையன்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

ஊசி மருந்தில் ஒரு பகுதியை உடம்பே 'ஈஸ்ட்ரோஜென்' என்ற பெண் ஹார்மோனாக மாற்றிவிடுகிறது. மார்பு பெருக்கிறது. பயந்துபோய், மார்புப் புற்றுநோய்க்குத் தரும் 'அனாஸ்ட்ரசோல்', 'லெட்ரோசோல்' மாத்திரைகளை முழுங்குகிறார்கள். வந்தது வினை! ஈஸ்ட்ரோஜென் அடிமட்டத்துக்குப் போய் மூட்டுவலி, அசதி. ஆம்பளைக்கும் அது கொஞ்சம் வேணுமய்யா! 2013-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியில், ஈஸ்ட்ரோஜெனைத் தடுத்த ஆண்களுக்குக் கொழுப்பு கூடி, தாம்பத்திய ஆசை குறைந்தது.

டாக்டர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக்கூடாது என்பது சட்டம். மருந்து ஆய்வாளர்கள் கடை பில்களைப் புரட்டட்டும். புற்றுநோய் மாத்திரையை இளவட்டங்கள் எத்தனை பேர் வாங்கினார்கள்? 2007-ல் பிரிந்த ஜில்லாக்கள்தான். ஆனால் ஒரு ஊரில் மட்டும் பிடித்தால், பஸ் ஏறினால் அடுத்த ஊர். இரண்டிலும் ஒரே நாளில் சோதனை போடவேண்டும்.