தீயுமிழ் நாகத்தின் உணவு

1959இல் திறக்கப்பெற்ற வைகை அணையின் கரையில், மேனாட்டார் டிராகன் எனப் புனையும் தீயுமிழ் நாகத்தை நம்மவர் ஒருவர் குடியேற்றிக் கதை எழுதின், அஃது உண்பது யாது? எந்நாட்டில் வாழினும் ஆடுமாடுகளையே விழுங்கும் என்பது கற்பனை வறுமையேயாம்.

12ஆம் நூற்றாண்டில் செயங்கொண்டார், கலிங்கத்துப்பரணியில் பேய்களைக் கூழ் அடச் செய்தார். முரசமே உரல், யானைத் தந்தமே உலக்கை, மாண்டோர் பல்லே அரிசி. பொருள் கொடிதெனினும் முறை நம் அடுக்களை முறையே. ஒருபொழுதே உண்ணும் சமணப் பேய்க்குக் கூழை வடித்தே வார்க்க வேண்டுமாம். பேய்க்கும் உணவொழுக்கம் உண்டெனக் கண்ட புலமை அது!

நம் நாகங்களும் அவ்வாறே நிலத்தோடு ஒட்டி உண்க. பெரியாற்று நீர் 1895 முதல் பாயும் கம்பம் பள்ளத்தாக்கில் நெல்லும் திராட்சையும் விளையும். ஆண்டிபட்டிப் புறமோ, அணை அருகிருந்தும் வானம் பார்த்துச் சோளமும் கம்பும் விளைப்பது. பள்ளத்தாக்கின் நாகம் நெற்சோறு உண்ணுங்கால், ஆண்டிபட்டி நாகம் கம்பங்கூழ் குடித்தல் வேண்டுமன்றோ?

நண்பர்காள்! நீரின் வேறுபாடு உலையில் தோன்றும். அதனைக் காணாத கற்பனை, நம் அயலாரின் பசியையும் காணமாட்டாது.