'கௌபாய்' மண்ணின் சாலையோரப் பலகைகள்... எழுதியதும், எழுதாமல் விட்டதும்!

லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லரோடு குதிரையேறி வளர்ந்தவர்களுக்கு டெக்சாஸைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. புழுதி பறக்கும் சமவெளி, மாட்டு மந்தை, ராணுவக் கோட்டை, ரேஞ்சர், அம்பு எய்யும் செவ்விந்தியர். யார் நல்லவர், யார் கெட்டவர் என்பது பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

நிஜ டெக்சாஸில் அது அவ்வளவு சுலபமில்லை. அதைப் புரிந்துகொள்ள இந்த வாரம் நாம் போகப்போகும் ஊர், வடக்கு டெக்சாஸில் இருக்கும் யங் கவுண்டி. கவுண்டி என்றால் ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. ஃபோர்ட் வொர்த் நகரத்திலிருந்து வடமேற்கே சுமார் 145 கி.மீ. தள்ளி இருக்கிறது. மொத்த மக்கள்தொகையே 18,000-க்குள்தான். தலைநகரம் கிரஹாம் என்ற சிற்றூர். பிராசோஸ் ஆறு, புல்வெளி, ஓக் மரங்கள், முள்கம்பி வேலி, வேலிக்குப் பின்னால் மாடுகள். இந்த அமைதியான ஊரைச் சுற்றித்தான் அமெரிக்க எல்லைப்புற வரலாற்றின் ரத்தம் தோய்ந்த பக்கங்கள் சிதறிக் கிடக்கின்றன.

அந்தப் பக்கங்களை உங்களுக்குக் காட்டுவது சாலையோர நினைவுப் பலகைகள்.

அது என்ன பலகை?

மெக்சிகோவிடமிருந்து டெக்சாஸ் பிரிந்தது 1836-ல். அதன் நூற்றாண்டை 1936-ல் கொண்டாடியபோது, மாகாணம் முழுக்க நினைவுக்கற்களை நட்டார்கள். பெரும்பாலும் கிரானைட் கற்கள். பிறகு 1962-ல் முறையான பலகைத் திட்டம் தொடங்கியது. இப்போது நாம் பார்க்கும் அலுமினிய வார்ப்புப் பலகைகள் அதன் வழி வந்தவை. டெக்சாஸ் முழுக்க இன்று 16,000-க்கும் அதிகமான பலகைகள் இருக்கின்றன.

இதில் சுவாரஸ்யம் என்னவென்றால், இந்தப் பலகைகளை அரசாங்கமே யோசித்து வைப்பதில்லை. ஊர்க்காரர்கள் யாராவது விண்ணப்பிக்க வேண்டும். ஆதாரங்களைத் திரட்டி வரலாறு எழுதித் தர வேண்டும். கவுண்டியின் வரலாற்றுக் குழு பார்த்து அனுப்பும். டெக்சாஸ் வரலாற்று ஆணையம் சரிபார்த்து, வாசகத்தை இறுதி செய்யும். கட்டணமும் உண்டு.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. விண்ணப்பிக்க ஆள் இல்லாதவர்களின் கதை என்ன ஆகும்? ஊரைவிட்டே துரத்தப்பட்டவர்களுக்காக யார் விண்ணப்பிப்பார்கள்?

யங் கவுண்டியின் கதையைத் தேதி வரிசையில் வைத்துப் பார்த்தால், இந்தக் கேள்வியின் கனம் புரியும்.

மதில் இல்லாத கோட்டை

1851-ல் அமெரிக்க ராணுவம் இங்கே பெல்நாப் கோட்டையை அமைத்தது. கோட்டை என்றதும் செஞ்சியை நினைத்துவிடாதீர்கள். இதற்கு மதிலும் கிடையாது, அகழியும் கிடையாது. படைவீரர்கள் தங்கும் கட்டடங்கள், வெடிமருந்துக் கிடங்கு, தானியக் கிடங்கு, கிணறு, அவ்வளவுதான். மேற்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த வெள்ளைக் குடியேறிகளைப் பாதுகாப்பதுதான் அதன் வேலை.

நூற்றாண்டு விழாவையொட்டி 1936-ல் சிதைந்த கட்டடங்களை மீட்டுக் கட்டினார்கள். இன்று அது பூங்காவாகவும் அருங்காட்சியகமாகவும் இருக்கிறது. சுற்றுலா வருபவர்கள் கோட்டை முன்னால் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். ஆனால், பக்கத்தில் இருக்கும் பெல்நாப் கல்லறைத் தோட்டத்தில் ஒருவர் உறங்கிக்கொண்டிருக்கிறார். அவர் கதையைக் கேட்காமல் போனால் இந்த ஊரைப் பார்த்ததாகவே அர்த்தமில்லை.

முதுகில் சுடப்பட்டவர்

அவர் பெயர் ராபர்ட் நெய்பர்ஸ். 'நெய்பர்ஸ்' என்றால் ஆங்கிலத்தில் அண்டை வீட்டார். பெயருக்கேற்ற மனிதர்தான். பூர்வகுடி மக்களுக்கான அரசு அதிகாரி.

1854-ல் டெக்சாஸ் அரசு, பூர்வகுடிகள் குடியிருக்க என்று கொஞ்சம் நிலத்தை ஒதுக்கியது. அப்படி உருவான பிராசோஸ் ஒதுக்கிடம், கோட்டைக்குத் தெற்கே சுமார் 20 கி.மீ. தூரத்தில் இருந்தது. காடோ, அனடார்கோ, வேகோ, டவாகோனி, டொங்காவா இன மக்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே குடியேறினார்கள். சோளமும் கோதுமையும் பயிரிட்டார்கள். மாடு வளர்த்தார்கள். 1858-ல் கொமான்சிகளை எதிர்த்துப் போன டெக்சாஸ் ரேஞ்சர்களோடு, இந்த ஒதுக்கிடத்து வீரர்களும் துணைக்குப் போய்ச் சண்டையிட்டார்கள்.

ஆனாலும், அந்தப் பகுதியில் மாடு காணாமல் போனால், வீடு எரிந்தால், பழி இவர்கள் மேல் விழுந்தது. தாக்கியது எந்த இனம் என்று பிரித்துப் பார்க்கும் பொறுமை குடியேறிகள் பலருக்கு இல்லை. 1858 டிசம்பர் இறுதியில், பக்கத்து கவுண்டியில் வேட்டைக்குப் போய்க் கூடாரமடித்துத் தூங்கிக்கொண்டிருந்த ஒதுக்கிடத்து மக்கள் மேல் ஒரு கும்பல் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஏழு பேர் இறந்தார்கள். யாரும் தண்டிக்கப்படவில்லை. அடுத்த மே மாதம், நூற்றுக்கணக்கானோர் ஆயுதங்களோடு ஒதுக்கிடத்துக்கே வந்துவிட்டார்கள்.

இனி இந்த மக்கள் இங்கே உயிரோடு இருக்க முடியாது என்று நெய்பர்ஸுக்குப் புரிந்தது. 1859 ஆகஸ்டில் அவர்களை அழைத்துக்கொண்டு வடக்கே கிளம்பினார். விளைந்த நிலம், கட்டிய வீடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவர்கள் நடந்தார்கள். ரெட் ஆற்றைக் கடந்து, இன்றைய ஓக்லஹோமாவில் அவர்களைப் பத்திரமாகச் சேர்த்துவிட்டுத் திரும்பினார் நெய்பர்ஸ்.

செப்டம்பர் 14. பெல்நாப் ஊர்த் தெருவில் ஒருவரோடு பேசிக்கொண்டு நின்றவரை, பின்னாலிருந்து இன்னொருவர் சுட்டுக் கொன்றார். பூர்வகுடிகளுக்கு அரணாக நின்றதுதான் அவர் செய்த குற்றம் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள்.

சரி, அமைதியாக வாழ்ந்தவர்களைத் துரத்திய பிறகு தாக்குதல்கள் நின்றனவா? இல்லை. மோசமான தாக்குதல்கள் அதற்குப் பிறகுதான் வந்தன.

சினிமா மறைத்த நாயகன்

1864 அக்டோபர் 13. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். எல்லையில் போதிய படை இல்லை. நூற்றுக்கணக்கான கொமான்சி, கயோவா வீரர்கள் எல்ம் க்ரீக் ஓடைக் கரையில் இருந்த வீடுகளைத் தாக்கினார்கள். பலர் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் பிடித்துச் செல்லப்பட்டார்கள்.

அன்று குடும்பத்தை இழந்தவர்களில் ஒருவர் பிரிட் ஜான்சன். கறுப்பினத்தவர். அடிமையாக இருந்தவர். அவருடைய மகன் கொல்லப்பட்டான். மனைவி மேரியும் மற்ற குழந்தைகளும் பிடித்துச் செல்லப்பட்டார்கள். அவர்களைத் தேடிக்கொண்டு பிரிட் கிளம்பினார். 1865-ல் குடும்பம் திரும்பக் கிடைத்தது. கொமான்சிகளிலேயே ஒருவர் இடையில் நின்று, பணயப்பொருள் பேசி அவர்களை மீட்டுத் தந்தார் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதே ஆண்டு ஜூன் 19-ம் தேதிதான் டெக்சாஸ் அடிமைகளுக்கு விடுதலை அறிவிக்கப்பட்டது.

சுதந்திர மனிதரான பிரிட், சரக்கு வண்டி ஓட்டிப் பிழைத்தார். 1871 ஜனவரி 24 அன்று, இன்னும் இரண்டு கறுப்பின வண்டிக்காரர்களோடு வந்தபோது, கயோவாக்கள் சூழ்ந்துகொண்டார்கள். செத்துக் கிடந்த குதிரையை அரணாக வைத்து, கடைசிவரை சுட்டவர் பிரிட். அவர் உடலைச் சுற்றி 170-க்கும் மேற்பட்ட தோட்டா உறைகள் கிடந்தனவாம். மூன்று பேரையும் வண்டிப்பாதை ஓரத்திலேயே ஒரே குழியில் புதைத்தார்கள்.

கடத்தப்பட்ட குடும்பத்துப் பெண்ணைத் தேடி அலையும் நாயகன்... எங்கோ கேட்ட கதை மாதிரி இருக்கிறதா? ஜான் ஃபோர்டு இயக்கி 1956-ல் வெளியான 'தி சர்ச்சர்ஸ்' படம்தான். அதன் மூலநாவலுக்குத் தூண்டுதலாக இருந்தவற்றில் பிரிட்டின் வாழ்க்கையும் ஒன்று என்று பலர் சொல்கிறார்கள். ஆனால், திரையில் குதிரையேறி வந்தவர் ஜான் வெய்ன். கறுப்பின அப்பா ஒருவரின் தவிப்பு, வெள்ளை நாயகனின் வீரமாக மாறிப்போனது.

நீதிமன்றத்தில் தலைவர்கள்

பிரிட் இறந்து நான்கே மாதம். 1871 மே 18. அதே சால்ட் க்ரீக் சமவெளி. ராணுவத்துக்கு மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு பத்து வண்டிகள் வந்தன. கயோவாக்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் பதுங்கியிருந்து தாக்கினார்கள். பன்னிரண்டு வண்டிக்காரர்களில் ஏழு பேர் இறந்தார்கள். அந்த இடத்தில் இன்று நினைவுக்கல் நிற்கிறது.

கல்லில் அடங்காத இரண்டு செய்திகள் உண்டு. முதலாவது, அதற்குச் சற்று முன்புதான் அமெரிக்க ராணுவத் தளபதி ஜெனரல் ஷெர்மன், சிறிய காவலோடு அதே பாதையில் போனார். முதலில் வருபவர்களை விட்டுவிடுங்கள் என்று கயோவா மந்திரவாதி சொல்லியிருந்ததால் தப்பித்தார். இரண்டாவது, இதற்காகச் சடாண்டா, பிக் ட்ரீ என்ற இரண்டு கயோவா தலைவர்கள் பக்கத்து ஊரான ஜாக்ஸ்பரோவில் விசாரிக்கப்பட்டார்கள். பூர்வகுடித் தலைவர்கள் மாகாண நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டது அதுவே முதல் முறை. தூக்குத் தண்டனை பிறகு ஆயுள் தண்டனையானது. 1873-ல் விடுவிக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டே சடாண்டா மீண்டும் சிறைக்குள் தள்ளப்பட்டார். 1878-ல் சிறை மருத்துவமனை ஜன்னலிலிருந்து குதித்து உயிரை விட்டார். பிக் ட்ரீ, பிற்காலத்தில் தேவாலய ஊழியராகி 1929 வரை வாழ்ந்தார்.

மரத்தடிக் கூட்டம்

1874-75 போரோடு கயோவா, கொமான்சி எதிர்ப்பு ஓய்ந்தது. புல்வெளி முழுவதும் மாட்டுக்காரர்கள் கைக்கு வந்தது. வேலி இல்லாத வெளி, சூடு போட்ட அடையாளம் மட்டுமே உரிமைப் பத்திரம். மாட்டுத் திருட்டு பெருகியது. 1877 பிப்ரவரியில் சுமார் 40 பண்ணையாளர்கள் கிரஹாமில் ஓக் மரத்தடியில் கூடிச் சங்கம் அமைத்தார்கள். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. மாட்டுத் திருட்டை விசாரிக்கத் தனி ரேஞ்சர்களையே வைத்திருக்கிறது.

சங்கத்துக்கு வாரிசுகள் ஊரிலேயே இருந்தார்கள், நினைவுச்சின்னமும் வந்தது. ஒதுக்கிடத்திலிருந்து போன காடோக்களின் வாரிசுகள் இன்று ஓக்லஹோமாவில் பிங்கர் என்ற ஊரை மையமாகக் கொண்டு வாழ்கிறார்கள். அனடார்கோ இனத்தின் பெயரில் அங்கே ஒரு ஊரே இருக்கிறது. பிராசோஸ் கரையில் அவர்கள் விதைத்த வயல்களைப் பார்த்து விண்ணப்பம் எழுத, யங் கவுண்டியில் யாரும் மிச்சமில்லை.

சொல்லப்படாத கதைகளுக்கு ஒரு வழி

இந்தக் குறையை டெக்சாஸ் வரலாற்று ஆணையமே உணர்ந்திருக்கிறது. வழக்கமான விண்ணப்பங்களில் வரும் கட்டணத்தின் ஒரு பகுதியை எடுத்து, இதுவரை சொல்லப்படாத வரலாறுகளுக்கு இலவசமாகப் பலகை வைக்கும் திட்டம் நடக்கிறது. பூர்வகுடிகள், கறுப்பினத்தவர், மெக்சிக வம்சாவளியினர், பெண்கள் என்று விடுபட்டவர்களின் கதைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாலையோரத்துக்கு வருகின்றன.

அதற்காகப் பழைய கற்களை வெறுக்க வேண்டியதில்லை. 1871-ல் செத்த அந்த ஏழு பேரும் கூலிக்கு வண்டி ஓட்டிய எளிய மனிதர்கள்தான். அவர்கள் சாவும் துயரம்தான். ஆனால், கதையை 1871-ல் தொடங்கினால் ஒரு நியாயம் தெரியும். 1859-லிருந்து தொடங்கினால் வேறொரு நியாயமும் சேர்ந்து தெரியும்.

டெக்சாஸில் உங்கள் பிள்ளைகளோ உறவினர்களோ இருந்து, விடுமுறைக்குப் போகும் வாய்ப்பு கிடைத்தால், காரை நிறுத்தி ஒரு பலகையையாவது படித்துப் பாருங்கள். வாசகத்தைப் படித்தபின், அது எந்த ஆண்டு வைக்கப்பட்டது என்பதையும் பாருங்கள். பலகை எந்த நிகழ்ச்சியைப் பற்றிப் பேசுகிறதோ அந்தக் காலத்தை மட்டுமல்ல, அதை எழுதியவர்களின் காலத்தையும் அது சொல்லிவிடும். அப்படியே பெல்நாப் கல்லறைத் தோட்டத்துக்கும் ஒரு நடை போய், நெய்பர்ஸைப் பார்த்துவிட்டு வாருங்கள்.