சிறப்புக் கல்வி படிச்சா வேலை கிடைக்குமா? கிடைக்கும்... ஆனால், நிரந்தரமா?

‘சிறப்புக் கல்வியில் பி.எட். படிக்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால், எதிரில் இருப்பவரிடமிருந்து பெரும்பாலும் இரண்டு பதில்கள் வரும். ஒன்று, “உங்களுக்கு ரொம்பப் பொறுமைங்க!” இன்னொன்று, “இதெல்லாம் பெரிய சேவை!”

இரண்டுமே நல்லெண்ணத்தில் சொல்லப்படுபவைதான். ஆனால், ஒரு பொறியாளரையோ ஆடிட்டரையோ யாரும் பொறுமைக்காகப் பாராட்டுவதில்லை. அவர்களிடம் இருப்பது திறமை. திறமைக்கு ஒரு விலை உண்டு. சேவைக்கோ கைதட்டல்தான் கூலி. சிறப்புக் கல்வி படித்தவர்கள் இன்று மாட்டிக்கொண்டு நிற்பது இந்த இடத்தில்தான்.

அப்படி என்ன சொல்லித் தர்றாங்க?

அறிவுசார் குறைபாடு உள்ள ஒரு குழந்தைக்குச் சட்டை போடப் பழக்க வேண்டும். வீட்டில் பத்து முறை செய்து காட்டுவார்கள். பள்ளிக்கு நேரமாகிவிட்டால் அம்மாவே போட்டுவிடுவார். பயிற்சி பெற்றவர் அதே வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரிப்பார்: கையை நுழைப்பது, தோளுக்கு இழுப்பது, இரண்டு பக்கத்தையும் சேர்ப்பது, பொத்தானைத் துளைக்குள் தள்ளுவது. பல சமயம் கடைசிப் படியிலிருந்தே தொடங்குவார். மற்ற எல்லாவற்றையும் தானே செய்துவிட்டு, கடைசிப் பொத்தானை மட்டும் குழந்தையிடம் விடுவார். ‘நானே போட்டுக்கிட்டேன்’ என்ற சந்தோஷம் குழந்தைக்குக் கிடைக்கும். அது கைவந்த பிறகு கடைசி இரண்டு பொத்தான்கள். இப்படியே பின்னோக்கிப் போகும் பயிற்சி.

வாசிப்பதில் தடுமாறும் டிஸ்லெக்ஸியா குழந்தை என்றால் கதை வேறு. ‘கெ’ என்ற எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. ‘கடல்’, ‘தங்கம்’, ‘பகல்’ மூன்றிலும் ‘க’ ஒன்றுதான், ஒலி மூன்று. குழந்தை இதில் எங்கே சிக்குகிறது என்று கண்டுபிடிப்பதே தனித் திறமை. பார்வையற்ற குழந்தைக்கு பிரெய்லும் வெள்ளைக்கோல் பிடித்து நடக்கும் பயிற்சியும் வேண்டும். காதுக்கருவி பொருத்திய குழந்தைக்கு மொழியையே அடியிலிருந்து வளர்க்க வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாக ஒரு கல்வித் திட்டம் எழுதி, இலக்கு வைத்து, எவ்வளவு எட்டியிருக்கிறது என்று அவ்வப்போது அளக்க வேண்டும். வெறும் பொறுமையால் இதெல்லாம் வந்துவிடாது.

என்ன படிக்கணும்?

பிளஸ் டூ முடித்தவர்கள் சிறப்புக் கல்வியில் இரண்டு ஆண்டு டிப்ளமோ படிக்கலாம். பட்டம் முடித்தவர்களுக்கு இரண்டு ஆண்டு பி.எட்.; அதற்கு மேல் எம்.எட்., பிஎச்.டி. இருக்கின்றன. பார்வை, செவித்திறன், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, ஆட்டிசம் என்று எந்தப் பிரிவில் பயிற்சி என்பதைச் சேரும்போதே முடிவு செய்ய வேண்டும். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம், கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ணா மிஷன் விவேகானந்தா கல்வி நிறுவனம், கோவை அவினாசிலிங்கம் பல்கலைக்கழகம் ஆகியவை தமிழ்நாட்டில் இத்துறைக்குப் பெயர்பெற்றவை.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தப் படிப்புகளுக்கு அனுமதி தருவது இந்திய மறுவாழ்வு கவுன்சில். 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, படித்து முடித்ததும் அதன் மத்தியப் பதிவேட்டில் பெயர் பதிந்தால்தான் தொழில் செய்ய முடியும். பதிவு இல்லாமல் செய்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. கவுன்சிலின் அனுமதி இல்லாத கல்லூரியில் வாங்கிய சான்றிதழ் பதிவுக்கு உதவாது. அதனால், கட்டணம் கட்டுவதற்கு முன்பே அந்தக் கல்லூரிக்கு, அந்தப் பிரிவுக்கு, அந்தக் கல்வியாண்டுக்கு அனுமதி உள்ளதா என்று கவுன்சிலின் இணையதளத்தில் பார்த்துவிடுவது நல்லது. இன்னொன்று: ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி எல்லாம் வேறு படிப்புகள். சிறப்புக் கல்வி பி.எட். முடித்தவரை ‘எல்லா தெரபியும் நீங்களே பார்த்துக்குங்க’ என்று ஒரு மையம் சொன்னால், சிக்கல் அங்கேயே தொடங்கிவிட்டது.

வேலை எங்கே இருக்கு?

சி.பி.எஸ்.இ. தன்னுடன் இணைந்த பள்ளிகள் சிறப்புக் கல்வி படித்தவரை நியமிக்க வேண்டும் என்கிறது. கேந்திரிய வித்யாலயாக்களில் இதற்கெனப் பணியிடங்கள் உருவாகியிருக்கின்றன. சிறப்புப் பள்ளிகள், சிறு வயதிலேயே குறைபாட்டைக் கண்டறிந்து பயிற்சி தரும் மையங்கள், தொண்டு நிறுவனங்கள் என வாய்ப்புகள் நீள்கின்றன. எம்.எட். முடித்தவர்கள் கல்லூரியில் பாடம் எடுக்கப் போகலாம். வாய்ப்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கேள்வி, அது எப்படிப்பட்ட வேலை என்பதுதான்.

சட்டம் ஒரு பக்கம், சம்பளம் ஒரு பக்கம்

1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே கணக்கில் எடுத்தது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் இடம்பெற்றன. சட்டத்தின் வாசல் அகலமானால் உள்ளே ஆசிரியர்களும் கூட வேண்டும் அல்லவா? 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதற்கு ஒரு கணக்குச் சொன்னது: தொடக்கப் பள்ளியில் இத்தகைய 10 குழந்தைகளுக்கு ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியர், அதற்கு மேல் 15 குழந்தைகளுக்கு ஒருவர். மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஓடிய பிறகு, 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம், பணியிடங்களை முறைப்படி அறிவித்து நிரப்புங்கள் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போட வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் இந்தப் பணியைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் வட்டார வள மையங்களில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநர்கள். ஒருவரே பல பள்ளிகளுக்குப் போக வேண்டும்; பள்ளிக்கு வர முடியாத குழந்தைகளின் வீடுகளுக்கும் போக வேண்டும். ஆனால், இவர்கள் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் ஒப்பந்த ஊழியர்கள். ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தாலும் தொகுப்பூதியம்தான். பி.எம். ஸ்ரீ தகராறில் மத்திய அரசு தமிழ்நாட்டுக்கான இந்தத் திட்ட நிதியை நிறுத்திவைத்தபோது, திட்டத்தை மட்டுமே நம்பி நிற்கும் வேலை எவ்வளவு ஆட்டம் காணும் என்பது வெளிச்சத்துக்கு வந்தது.

‘மத்திய நிதி வராமல் மாநிலம் என்ன செய்யும்?’ என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால், நிதி தாமதமானால் கணக்கு வாத்தியார் பதவியே வேண்டாம் என்று எந்த அரசும் முடிவு செய்வதில்லை. அது பள்ளியின் அடிப்படைத் தேவை என்று ஏற்கப்பட்டுவிட்டது. சிறப்புப் பயிற்றுநர் மட்டும் இன்னும் ‘திட்டத்தில் வந்தவர்’. மற்றவர்களுக்குப் பள்ளி, இவர்களுக்கு மட்டும் ஸ்கீம் என்றால் எப்படி?

இதில் நஷ்டம் ஆசிரியருக்கு மட்டும் இல்லை. ஆட்டிசம் உள்ள குழந்தை ஒரு புதிய முகத்தை ஏற்றுக்கொள்ளவே மாதங்கள் ஆகலாம். சம்பளம் கட்டுப்படியாகாமல் ஆசிரியர் கிளம்பிவிட்டால், குழந்தை திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆசிரியரின் பணிப் பாதுகாப்பு உண்மையில் குழந்தையின் பாடத்திட்டத்தில் ஒரு பகுதி.

அப்போ, படிக்கலாமா?

தாராளமாகப் படிக்கலாம். ஆனால், கண்ணைத் திறந்துகொண்டு சேர வேண்டும். சேருவதற்கு முன் ஒரு சிறப்புப் பள்ளியில் சில நாட்களாவது தன்னார்வலராக இருந்து பார்ப்பது நல்லது. பிடிக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். வேலைக்கான நேர்காணலில் ‘எத்தனை குழந்தைகள் என் பொறுப்பில் வருவார்கள், மதிப்பீடு எழுதத் தனி நேரம் உண்டா, சம்பளம் மற்ற ஆசிரியர்களுக்குச் சமமா?’ என்று தயங்காமல் கேட்கலாம். ‘சேவை மனப்பான்மை வேணும்’ என்பதே பதிலாக வந்தால், உஷாராகிவிடலாம்.

அரசு செய்ய வேண்டியதும் புதிதாக ஒன்றும் இல்லை. நீதிமன்றம் சொன்ன விகிதத்தில் பணியிடங்களை உருவாக்கி, காலமுறை ஊதியத்தில் நிரப்ப வேண்டும். தகுதியோடு ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருப்பவர்களை அதில் முதலில் கணக்கில் எடுக்க வேண்டும். பாராட்டு விழாக்களை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.