வார்டில் சுகர் ஏறுவது கணக்குத் தெரியாததால் அல்ல

மருத்துவமனையில் சேர்ந்த நீரிழிவு நோயாளிகளின் சுகரைக் கட்டுக்குள் வைக்க டாக்டர் கையில் ஒரு மொபைல் ஆப் இருந்தால் போதும் என்ற பேச்சு இப்போது பரவலாகக் கேட்கிறது. எடை, வயது, கிரியேட்டினின், காலை சுகர் நான்கையும் தட்டினால் எத்தனை யூனிட் இன்சுலின் என்று வந்துவிடும், பயிற்சி டாக்டரே நிபுணர் அளவுக்கு மருந்து எழுதலாம் என்கிறார்கள். நல்ல எண்ணத்தில் சொல்லப்படுவதுதான். ஆனால் வார்டில் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்காமல் சொல்லப்படுகிறது.

டோஸ் கணக்கிடத் தெரியாததுதான் சிக்கல் என்பது அவர்களுடைய முதல் வாதம். அந்தக் கணக்கு எவ்வளவு கடினம்? அமெரிக்காவில் நடந்து 2007இல் வெளியான ராபிட்-2 ஆய்வில் பயன்படுத்திய முறை இது: நோயாளியின் எடையை, சுகர் 200 வரை இருந்தால் 0.4ஆலும், அதற்கு மேல் இருந்தால் 0.5ஆலும் பெருக்க வேண்டும். வருவதில் பாதி, நாள் முழுக்க வேலை செய்யும் இன்சுலின். மீதிப் பாதியை மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் பிரித்துப் போட வேண்டும். 60 கிலோ எடை, சுகர் 250 என்றால் 30 யூனிட். அதில் 15 ஒரே ஊசியாக, வேளைக்கு 5. வயதானவர்களுக்கும் சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கும் இன்னும் குறைப்பார்கள். இதை மனக்கணக்காகவே போடலாம்.

அந்த ஆய்வில் இப்படி இன்சுலின் பெற்றவர்களில் 66 சதவீதம் பேருக்குச் சுகர் 140க்குக் கீழே வந்தது. சுகர் ஏறிய பிறகு ஏறியதற்கேற்ப ஊசி போடும் பழைய ‘ஸ்லைடிங் ஸ்கேல்’ முறையில் 38 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் கேஸ் ஷீட்டில் ஸ்லைடிங் ஸ்கேலே எழுதப்படுகிறதென்றால் காரணம் பெருக்கல் தெரியாதது அல்ல, பயம். இரவு ஒரே சிஸ்டர் வார்டு முழுவதையும் பார்க்கிறார். அதிகாலை மூன்று மணிக்கு ஒருவருக்கு லோ சுகர் ஆகி வியர்த்துக் கிடந்தால் யார் கவனிப்பார்கள் என்று யோசிக்கும் டாக்டர் டோஸைக் குறைத்துத்தான் எழுதுவார். அந்தப் பயம் நியாயமானது. ஆப் அதைத் தீர்ப்பதில்லை.

ஆப் சொன்ன டோஸ் சரியாக இருந்தால் நோயாளிக்குப் போவதும் சரியாக இருக்கும் என்பது அடுத்த எண்ணம். இதைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். நம் ஊரில் இன்சுலின் பெரும்பாலும் இரண்டு அடர்த்திகளில் கிடைக்கிறது. அரசு மருத்துவமனைகளில் அதிகம் புழங்கும் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட்; பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜில் 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை: 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. பேனா ஊசி தீர்ந்துபோன இரவில் கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 12 என்ற கோடு வரை மருந்தை இழுத்தால் உள்ளே போவது 12 அல்ல, 30 யூனிட். சிரிஞ்சும் குப்பியும் எதிர்மாறாக மாறிவிட்டால் ஐந்து யூனிட்கூடப் போகாது. காலையில் சுகர் 350 காட்டும், டோஸ் போதவில்லை என்று ஆப் இன்னும் கூட்டச் சொல்லும். திரையில் உள்ள எண்ணும் சரி, கேஸ் ஷீட்டில் உள்ள எண்ணும் சரி. தவறு நடந்தது சிரிஞ்சில்.

சாப்பாட்டுக்கும் இதே நிலைதான். ரெகுலர் இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். நம் வார்டுகளில் பலருக்குச் சாப்பாடு வீட்டிலிருந்து வருகிறது. ஊசி போட்டாகிவிட்டது, தூக்குவாளியோடு கிளம்பிய மகள் எங்கோ பஸ்ஸில் இருக்கிறாள். “சிஸ்டர், சாப்பாடு இன்னும் வந்து சேரலை” என்று பக்கத்துக் கட்டில்காரர் வந்து சொல்லும்போதே நோயாளிக்குக் கை நடுங்க ஆரம்பித்திருக்கும். இன்னொருவரை ஸ்கேனுக்காக வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்லியிருப்பார்கள். அந்தச் செய்தி ஊசி போடுபவருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. வீசிங்குக்காகக் காலையில் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கியவருக்குச் சுகர் மாலையில்தான் ஏறும். மாத்திரையை நிறுத்தும் நாளில் இன்சுலினைக் குறைக்காவிட்டால் விழும். யாராவது உள்ளிட்டால் ஒழிய இவற்றில் ஒன்றும் ஆப்புக்குத் தெரியாது.

“மனிதர் தவறு செய்வார், ஆப் செய்யாது” என்கிறார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் இன்சுலின் டோஸ் கணக்கிடும் 46 ஆப்களைச் சோதித்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆப்கள் தவறான டோஸைச் சொல்லக்கூடிய நிலையில் இருந்தன. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை, உள்ளிட்ட எண் நம்பக்கூடியதுதானா என்று சரிபார்க்கவே இல்லை. அவை பெரும்பாலும் நோயாளிகள் பயன்படுத்துவதற்கானவை என்பது உண்மைதான். ஆனால் பயிற்சி டாக்டரின் போனிலும் அதே ஸ்டோரிலிருந்துதான் ஆப் இறங்குகிறது. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் சிகிச்சைக்கான மென்பொருளும் மருத்துவக் கருவி என்ற வரையறைக்குள் வந்துவிட்டது. இலவசமாகக் கிடைக்கும் எத்தனை ஆப்கள் அந்த வரையறைப்படி சரிபார்க்கப்பட்டவை என்று கேட்டுவிட்டு டவுன்லோடு செய்பவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆப் இருந்தால் சுகரை இறுக்கிப் பிடிக்கலாம் என்பதும் விற்பனைப் பேச்சில் அடிக்கடி வருகிறது. இறுக்கிப் பிடிப்பது நல்லதா என்பதற்கு விடை 2009இலேயே வந்துவிட்டது. நைஸ்-சுகர் என்ற பெரிய ஆய்வில் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 81 முதல் 108 வரை இலக்கு, மற்றதற்கு 180க்குள் இருந்தால் போதும். 90 நாட்களில் இறந்தவர்கள் இறுக்கிப் பிடித்த பிரிவில் 27.5 சதவீதம், மற்றதில் 24.9. கடுமையான லோ சுகர் முதல் பிரிவில் 6.8 சதவீதம் பேருக்கு, இரண்டாவதில் 0.5 சதவீதம் பேருக்குத்தான். இன்று தீவிர சிகிச்சைப் பிரிவில் பெரும்பாலோருக்கு 140 முதல் 180 வரை போதும் என்று அமெரிக்க நீரிழிவு சங்கம் சொல்வதற்குப் பின்னால் இந்த மரணங்கள் இருக்கின்றன.

ஆஸ்திரியாவில் இப்படி ஒரு ஆப் வெற்றி கண்டதே என்று கேட்பார்கள். கிராட்ஸ் மருத்துவப் பல்கலைக்கழகமும் ஜோவானியம் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய ‘குளுக்கோடேப்’பைத்தான் சொல்கிறார்கள். அது நல்ல கருவி. ஆனால் டாக்டர் தனியாகத் தட்டிப் பார்க்கும் கால்குலேட்டர் அல்ல. கட்டிலருகே நர்ஸ் சுகரைப் பதிகிறார், போட்ட ஊசியைப் பதிகிறார், டாக்டர் அன்றைய டோஸை ஏற்கிறார் அல்லது மாற்றுகிறார். வார்டின் வேலைமுறை முழுவதும் அதற்குள் வந்துவிடுகிறது. அப்படி ஒரு ஏற்பாடு ஸ்லைடிங் ஸ்கேலைக் கைவிட வைக்கும் என்றால் நான் வரவேற்கிறேன். டேப்லெட்டை மட்டும் வாங்கி, அதைக் கையில் எடுக்கும் சிஸ்டர்களின் எண்ணிக்கையைப் பழையபடியே வைத்துக்கொண்டு கிராட்ஸின் பலனை எதிர்பார்க்க முடியாது.

ஆப் வாங்கும் நிர்வாகம் இரண்டு வார்டுகளில் ஆறு மாதம் ஓட்டிப் பார்க்கட்டும். ஒன்றில் ஆப், மற்றதில் அந்தப் பணத்துக்கு இரவுக்கு இன்னொரு சிஸ்டர், தட்டுப்பாடில்லாமல் சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப், கட்டிலுக்குச் சாப்பாடு வந்த பிறகே ஊசி என்ற கட்டாயம். எத்தனை பேர் இலக்கை எட்டினார்கள் என்பதோடு, எத்தனை முறை சுகர் 70க்குக் கீழே போனது என்பதையும் இரண்டு வார்டிலும் எண்ண வேண்டும். அந்த இரண்டாவது எண்ணைச் சொல்லாமல் ஆப் விற்க வருபவரிடம் கையெழுத்துப் போடக் கூடாது.