நேதன் சாலையில் ஒரு படுக்கை

ஹாங்காங்கில் விமானம் மாறுவதற்காக ஓரிரு இரவுகள் தங்க நேரிடும் சிக்கனப் பிரயாணி, முதுகில் மூட்டையுடன் கௌலூன் கடற்கரைக்கு அருகே நேதன் சாலையில் வந்து இறங்குவானாயின், அவன் தேடி வருவது பெரும்பாலும் சுங்கிங் மாளிகையைத்தான். 1961-இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த 17 மாடிக் கட்டடத்திலிருந்து சில நிமிஷ நடையில், 1928-இல் திறக்கப்பட்ட பெனின்சுலா ஹோட்டல் சர்வ அலங்காரங்களுடன் விளங்குகிறது. நிலத்தின் விலை வானை முட்டும் ஒரு நகரத்தில், அதுவும் அதன் பிரதானமான வீதியில், எளியவனுக்கு ஒரு படுக்கை எப்படி மிஞ்சியது?

கருணையினால் மிஞ்சவில்லை, சொத்துரிமை சிதறிக் கிடப்பதால் மிஞ்சியது. குடும்பங்கள் வசிப்பதற்கென்று கட்டப்பட்ட வீடுகள் நூற்றுக்கணக்கான உரிமையாளர்களின் கையில் தனித்தனியே இருப்பதனால், கட்டடத்தை மொத்தமாக வாங்கி இடித்துக் கண்ணாடிக் கோபுரம் எழுப்ப எண்ணும் எந்தத் தனவந்தரும் அவர்களில் மிகப் பெரும்பாலோரை இணங்கவைக்க வேண்டியவராகிறார். அது கைகூடாத இடைவெளியில், வீடுகள் தடுப்புச் சுவர்களால் பிரிக்கப்பட்டு விடுதிகளாயின.

நான் தங்கிய அறையில் கட்டில் மூன்று சுவர்களைத் தொட்டுக்கொண்டிருந்தது. குளிக்கும் குழாயோ கழிப்பறைப் பீங்கானுக்கு நேர் மேலே. ஆனாலும் வெந்நீர் வந்தது, தாழ்ப்பாள் உறுதியாக இருந்தது, விரிப்பு வெளுத்திருந்தது. களைத்து வந்தவனுக்கு வேறென்ன வேண்டும்? இரட்டைப்படை மாடிகளுக்கு ஒன்றும் ஒற்றைப்படை மாடிகளுக்கு ஒன்றுமாக இயங்கும் சிறிய மின்தூக்கிகளின் முன் நிற்கும் வரிசையில், கைப்பேசிகள் அடைத்த அட்டைப்பெட்டியைக் காலால் நகர்த்திவரும் ஆப்பிரிக்க வியாபாரியும், கல்கத்தாவிலிருந்து பிழைக்க வந்தவரும், ஐரோப்பிய மாணவியும் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். ஹாங்காங் சீனப் பல்கலைக்கழக மானிடவியலாளர் கோர்டன் மேத்யூஸ், இங்கே வந்து போகிறவர்களில் நூற்றுக்கு மேற்பட்ட தேசத்தாரைக் கணக்கெடுத்தார். அந்த வரிசையில் கால் மணி நேரம் நின்ற எனக்கு அதில் வியப்பு ஏதும் தோன்றவில்லை.

குறைகளை மறைப்பதற்கில்லை. 1988-இல் இங்கே மூண்ட தீயில் வெளிநாட்டுப் பிரயாணி ஒருவர் உயிரிழந்தார். 1991-இல் விடுதிகளுக்கு உரிமம் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. அது அவசியமான சட்டம். அதன் அமலில் தளர்ச்சி கூடாது என்பதே என் அபிப்பிராயம். ஆனால் பத்திரமாக உறங்கச் செய்வது வேறு, உறங்க இடமே இல்லாமற் செய்வது வேறு.

இரண்டாவதற்கான வழி மெல்லத் திறந்துகொண்டிருக்கிறது என்பதே என் கவலை. ஒரு கட்டடத்தின் நூற்றுக்கு 90 பங்கைச் சேர்த்தவர், எஞ்சியவர்களையும் நியாயமன்றத்தின் வாயிலாக விற்கச் செய்யலாம் என்ற சட்டம் 1999-இல் அமலுக்கு வந்தது. அந்த வரம்பு பழைய கட்டடங்களுக்குப் பின்னர் குறைக்கப்பட்டு, 2024 டிசம்பரில் மேலும் தாழ்த்தப்பட்டது. சுங்கிங் மாளிகைக்கோ வயது 60-ஐத் தாண்டிவிட்டது. இடிக்கும் நாள் ஒருவேளை வருமானால், அங்கே எழும் புதிய கட்டடத்திலும் இத்தனை மலிவான படுக்கைகள் இருந்தாக வேண்டும் என்று நிபந்தனை விதிப்பது அரசாங்கத்தின் கடமை. அந்த நிபந்தனையை, விலை பேச ஆள் வருவதற்கு முன்பே, இப்போதே எழுதிவைக்க வேண்டும்.