செட்டா மாத்தோணுங்க!

'மோட்டார் வீக் ஆயிருச்சுங்க சார். ரெகுலேட்டரோட செட்டா மாத்தோணுங்க!'

கோவையில் பழைய கார் வைத்திருக்கும் எவரும் இந்தத் தீர்ப்பைக் கேட்காமல் தப்பித்திருக்க முடியாது. பவர் விண்டோ பட்டனை அமுக்கினால், முட்டிவலிக்காரர் மருதமலைப் படி ஏறுகிற மாதிரி கண்ணாடி நின்று நின்று மேலே போகும். சர்வீஸுக்குக் கொண்டுபோனால், இஸ்திரி கலையாத சட்டையோடு வரும் அட்வைசர் பட்டனை ரெண்டு தடவை அமுக்குவார். உதட்டைப் பிதுக்குவார். எஸ்டிமேட் தயார்! டோர் பேடைக் கழற்றவில்லை. மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. நாடி பிடிக்காமலேயே ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கிற டாக்டரிடம் நாம் மறுபடி போவோமா? கார் விஷயத்தில் மட்டும் போகிறோம். பணமும் கட்டிவிட்டு வருகிறோம்.

மதுக்கரையில் எனக்கு ஒரு நண்பர். 2008-ல் வாங்கிய கார் இன்றைக்கும் அவரைப் பாலக்காடு வரை கொண்டுபோய்க் கொண்டுவந்து சேர்க்கிறது. நாலு கண்ணாடியும் ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாகிவிட்டன. பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் நாலு மோட்டாரையும் மாற்றச் சொல்லிவிட்டார்கள். மனுஷர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

'ஏனுங்க... நாலு மோட்டாரும் பேசி வெச்சுக்கிட்டா கெட்டுப்போகும்?'

பதில் இல்லை.

எஸ்டிமேட் போட்டவருக்குத் தோன்றியிருக்க வேண்டிய கேள்வி அது. நாலும் சேர்ந்து மெதுவானால், நாலுக்கும் பொதுவான எதையோதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பேட்டரி, எர்த், வயரிங்... இல்லாவிட்டால் புழுதி. இவர் விஷயத்தில் புழுதி. மதுக்கரை பூமியே சுண்ணாம்புக்கல் பூமி. 1930-களில் அங்கே சிமென்ட் ஆலை வந்ததே அதை நம்பித்தான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடி மாதம் அடிக்கிற அடியில், ஹைவே லாரிகள் கிளப்புகிற புழுதி நேராகக் கண்ணாடி இடுக்கில்தான் குடியேறும். கண்ணாடி வழுக்கிக்கொண்டு ஓடுவதற்காக ரப்பர் சேனலுக்குள் வெல்வெட் மாதிரி மெல்லிய பூச்சு கொடுத்திருப்பார்கள். அதில் புழுதி படிந்து, மழையில் நனைந்து, காய்ந்து, வெயிலில் ரப்பரும் இறுகி, கடைசியில் சேனல் இரண்டு பக்கமும் கண்ணாடியைக் கவ்விப் பிடித்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு, யாரோ ஒரு புண்ணியவான் 'லூஸ் ஆகும்' என்று தேங்காய் எண்ணெய் வேறு விட்டிருக்கிறார். எண்ணெயும் புழுதியும் கலந்து களிம்பாகியிருந்தது!

தட்டை ஸ்குரூ டிரைவரில் ஈரத்துணியைச் சுற்றி, சேனலை மேலிருந்து கீழ் வரை துடைத்து, காயவிட்டு, சிலிக்கான் ஸ்பிரே அடித்தார் உள்ளூர் ஆட்டோ எலக்ட்ரீஷியன். (சிலிக்கான்தான். கிரீஸோ இன்ஜின் ஆயிலோ போட்டால் ரப்பர் உப்பிக் கெடும்.) மூன்று கண்ணாடிகள் ஜம்மென்று ஏறின. நாலாவது மட்டும் முரண்டு பிடித்தது. அது வேறு கேஸ். டிரைவர் பக்கத்து ஸ்விட்ச் பாயின்ட்டில் கரி பிடித்திருந்தது. அதையும் சுத்தம் செய்தார். ஒரு மோட்டார்கூட மாற்றவில்லை.

மோட்டாருக்காக நான் கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது. கதவுக்குள் இருப்பது சின்ன டி.சி. மோட்டார். சுற்றுகிற வேகத்தைக் குறைத்து, இழுவையைக் கூட்டித் தருகிற ஒரு பல்சக்கரம் அதற்குத் துணை. வழியில் உராய்வு அதிகமானால் அது கூடுதலாகக் கரன்ட் இழுக்கும், சூடாகும், வேகம் குறையும். ரொம்பச் சூடானால் உள்ளே இருக்கிற பாதுகாப்பு சாதனம் கரன்ட்டை நிறுத்திவிடும். ஆறிய பிறகு மறுபடி ஓடும். இதைப் பார்த்துத்தான் 'வீக்' என்று சர்டிபிகேட் கொடுக்கிறார்கள். மூட்டை தூக்குபவர் திணறினால், மூட்டையின் கனத்தை யாரும் பார்ப்பதில்லை!

அதே மோட்டாரைப் பழி வாங்காமல் புதிதாக ஒன்று போட்டால் என்ன ஆகும்? கொஞ்ச நாள் நன்றாக ஓடும். புதுசுக்குத் தெம்பு இருக்கிறதல்லவா. சேனல் அப்படியே இருப்பதால் அதுவும் ஒருநாள் முக்க ஆரம்பிக்கும். அப்போது, 'டூப்ளிகேட் போட்டிருப்பீங்க சார்' என்பார்கள்.

கண்டுபிடிப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பட்டனை அமுக்கிக்கொண்டே இரண்டு உள்ளங்கையாலும் கண்ணாடியை மேலே தள்ளிக் கொடுங்கள். சட்டென்று வேகம் எடுத்தால் முதலில் சேனலைச் சந்தேகப்படுங்கள். இன்ஜின் ஓடும்போது வேகமாகவும், அணைத்தால் படுமோசமாகவும் இருந்தால் பேட்டரியையும் வயரிங்கையும் பாருங்கள். ஓடாதபோது பேட்டரியில் பன்னிரண்டரை வோல்ட் சொச்சம், ஓடும்போது பதினாலை ஒட்டி வரும். இதற்கு மேல் எலக்ட்ரீஷியன் வேலை. டோர் பேடைக் கழற்றி, கண்ணாடி நகரும்போதே மோட்டார் கப்ளரில் மீட்டரை வைக்க வேண்டும். பன்னிரண்டுக்குப் பக்கத்தில் வந்தும் திணறினால்தான் சேனலோ, ரெகுலேட்டரோ, மோட்டாரோ. ஒன்பது, பத்துதான் வருகிறது என்றால் மோட்டார் பாவம், அதற்குச் சோறே போகவில்லை! பழைய கார்களில் மோட்டாருக்கான மொத்தக் கரன்ட்டும் ஸ்விட்ச் வழியாகவே போகும். கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி, கீல் பக்கத்து ரப்பர் குழாய்க்குள் வயர் இற்றுப் போயிருக்கும். இதெல்லாம் வழக்கமான இடங்கள்.

இதைச் செய்ய ஆள் இல்லாத ஊரா இது? ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் 1937-ல் இந்தியாவின் முதல் மின் மோட்டாரைத் தயாரித்த ஊர். பம்பு செட்டும் கிரைண்டரும் இங்கிருந்து தேசம் பூராவும் போகின்றன. ஆயிரம் அடி போர்வெல்லிலிருந்து எரிந்துபோன மோட்டாரைத் தூக்கி வந்தால், காயில் கட்டி மறுபடி இறக்கிவிடுகிற ஊர். அந்த ஊரில், கைக்கு அடக்கமான ஒரு கண்ணாடி மோட்டாரைத் திறந்து கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னால், 'அதெல்லாம் ஓப்பன் பண்ண மாட்டோமுங்க' என்கிறார்கள். கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

நான் காமர்ஸ் படித்தவன். எனக்குப் பில் வாசிக்கத் தெரியும். ஒன்றரை மணி நேரம் மெனக்கெட்டு சேனலைத் துடைத்தால் பில்லில் ஏறுவது லேபர் மட்டும். அசெம்பிளியை மாற்றினால் லேபரும் ஏறும், பார்ட்ஸின் லாபமும் ஏறும், வேலையும் சீக்கிரம் முடியும். எந்த மேனேஜர் துடைக்கச் சொல்வார்? கீழே வேலை பார்க்கிற பையனைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அவனுக்குத் துடைக்கத் தெரியும். அனுமதி கிடையாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சில சமயம் நிஜமாகவே ரெகுலேட்டர் போயிருக்கும். கேபிள் வகை ரெகுலேட்டரில் கண்ணாடியைத் தாங்குவது சின்னதொரு பிளாஸ்டிக் துண்டு. அது விரிந்தால் கண்ணாடி சாய்ந்து சிக்கும். பலநேரம் அந்தத் துண்டைத் தனியாகத் தர மாட்டார்கள். முழு செட்தான்! சட்டைப் பித்தான் அறுந்தால் சட்டையே புதுசு வாங்கு என்கிற நியாயம். உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் அலைந்து யாரோ ஒரு மெக்கானிக் அதைத் தேடிக் கொண்டுவந்தால்தான் நமக்கு விமோசனம்.

இது நம் புலம்பல் மட்டும் இல்லை. 2011-ல் ஒருவர் கொடுத்த புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரி பாகங்களை வெளிச் சந்தைக்கு விடுவதில்லை, வெளி மெக்கானிக்குகளுக்கு மேனுவலும் சோதனைக் கருவிகளும் கிடைப்பதில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. கம்பெனிகள் அப்பீல், கோர்ட் என்று கிளம்பின. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்காரர்கள் 2012-ல் இதையே ஓட்டுக்கு விட்டார்கள். கார் ரிப்பேர் தகவல்களை வெளிக் கடைக்காரருக்கும் கொடுத்தே ஆக வேண்டும் என்று நூற்றுக்கு 86 பேர் குத்தினார்கள். நம் மத்திய அரசும் 2022 ஜூலையில் 'ரிப்பேர் செய்யும் உரிமை'க்கு ஒரு கமிட்டி போட்டது, டிசம்பரில் இணையதளம் திறந்தது. நல்லது. ஆனால் மதுக்கரை எலக்ட்ரீஷியனுக்கு வேண்டியது ஒரு வயரிங் டயகிராமும் ஒரு பிளாஸ்டிக் துண்டும். அதைக் கொடுக்கச் சொல்லிச் சட்டம் போட்டால் போதும்.

'கண்ணாடி கொஞ்சம் மெதுவா ஏறினா என்னய்யா, உலகம் அழிஞ்சுடுமா? பாஸ்டேக் வந்தப்புறம் டோல்கேட்டுல கண்ணாடியை இறக்கற வேலைகூட இல்லையே' என்று கேட்கிறவர்கள் உண்டு. எஸ்டிமேட்டைப் பார்த்து மிரண்டு, 'அப்படியே கிடக்கட்டும்' என்று விட்டுவிடுகிறவர்களும் இவர்கள்தான். இந்த வியாபாரத்தில் எனக்கு நிஜமாகவே பயம் தருவது அதுதான். ஒரு மணி நேரம் மழை கொட்டினால் லங்கா கார்னர் பாலத்தடியிலும், அவினாசி ரோடு மேம்பாலத்துக்குக் கீழேயும் என்ன ஆகும் என்று கோவைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் ஏறிய பிறகு வெளியே இருக்கிற அழுத்தத்தில் கதவு திறக்காது. வெளியேற வழி கண்ணாடிதான். அதுவும் தண்ணீர் வயரிங்கைக் கெடுப்பதற்குள் இறங்கியாக வேண்டும்.

எல்லோரும் கண்ணாடி ஏறுகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கும்போது அதன் கனமே மோட்டாருக்கு ஒத்தாசை. அப்படியும் நடுவழியில் நின்று யோசித்தால் சேனல் நன்றாகவே கவ்விவிட்டது என்று அர்த்தம். நாளைக் காலையில், இன்ஜினை அணைத்துவிட்டு, நாலு கதவிலும் ஒரு முறை இறக்கிப் பாருங்கள். முக்கினால் எலக்ட்ரீஷியனிடம் போங்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் கேளுங்கள்: 'மீட்டர் வெச்சுப் பாத்தீங்களாண்ணா?'