தேயிலைக்கு வேற்றுமை உண்டு

கேமரன் மலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் நாம் வேற்றுமையை 'இராமன், இராமனை' என்றே தொடங்குகிறோம். அவர்கள் அதை மனனம் செய்து மறக்கிறார்கள். சன்னலுக்கு வெளியே தேயிலை நிற்கிறதே!

இச்செடிக்கு 1753இல் லின்னேயசு இட்ட இலத்தீன் பெயர் 'தேயா சினென்சிஸ்'. (இன்று 'காமெல்லியா சினென்சிஸ்'.) தென்சீனக் கரையோர மக்களின் 'தே' என்னும் சொல்லே இலத்தீனில் 'தேயா' ஆயிற்று, மலாயில் 'தே'யாகவே நின்றது, தமிழில் இலையோடு சேர்ந்து தேயிலையாயிற்று.

இலத்தீனில் தேயா, இரண்டாம் வேற்றுமையில் 'தேயம்' ஆகும். நான்காவதிலும் ஆறாவதிலும் 'தேயே' என ஒரே வடிவம். தேயிலைக்கா, தேயிலையதா என்பதைத் தொடரை வைத்தே அறிய வேண்டும். மேலும் அங்கே பெயர்ச்சொற்கள் ஐந்து வகை, வகைதோறும் ஈறுகள் வேறு. நமக்கோ 'ஐ' என்னும் ஒன்றே தேயிலைக்கும் மலைக்கும் மனிதனுக்கும் போதும். இதைக் கேட்ட மாணவன் இலக்கணம் கடினம் என்று சொல்வானா?

'தே' அயற்சொல், அதைப் பாடத்தில் எடுக்கலாமா என ஆசிரிய நண்பர் ஒருவர் தயங்கினார். தேயிலையை, தேயிலையால், தேயிலைக்கு என நம் உருபுகளை ஏற்று நடக்கும் சொல்லை அயலார் என எப்படி ஒதுக்குவது?

பெற்றோர்களே, இன்று மாலை தேநீர் அருந்துகையில் பிள்ளையிடம் கேளுங்கள்: 'தேயிலையின்கண்' எத்தனையாம் வேற்றுமை?